ஒரு டப்பா நீலம்

கண்ணை மூடிக்கொண்டே இருக்க வேண்டும், நாற்பது நிமிஷம், நடுவில் திறந்து வேடிக்கை பார்த்தால் கண்பாப்பா விரியாது, மறுபடியும் முதலிலிருந்து சொட்டு விட வேண்டிவரும் என்று கண் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மிரட்டினால் பயப்படுகிற வயசு கோமளவல்லிக்கு எப்போதோ போய்விட்டது, அறுபத்திரண்டு ஆகிறது, ஆனாலும் மூடிக்கொண்டாள். மருந்து முதலில் சுரீரென்று எரிந்து, பிறகு தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் குமரகுரு, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அதற்குள் அடுத்த ஆளோடு சிநேகமாகி அவருடைய சர்க்கரை எவ்வளவு என்பது வரைக்கும் விசாரித்துவிட்டார். அவருக்கு எங்கே போனாலும் ஆள் கிடைத்துவிடும். மூடிய இமைக்குள் இருட்டு என்று பேர்தான். ட்யூப்லைட் வெளிச்சம் வடிந்து இறங்கிச் செங்கல்பொடி நிறத்தில் நின்றது. செங்கல்பொடியில் ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று மனசு தானாகப் பிரித்தது. பெயிண்ட் கலக்குவதை விட்டு முப்பது வருஷமாகியும் இந்தப் புத்தி போகவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் புடவையின் சரிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் இந்த ஊதாவில் எவ்வளவு வெள்ளை விட்டிருப்பான் என்று நின்றுவிடுவாள். இப்போது அதுவா முக்கியம். முக்கியமானது மடியில் இருக்கிற கைப்பைக்குள், போனில் இருக்கிறது. காலையில் யாழ்மொழி அனுப்பிய செய்தி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் வேண்டுமாம். பெரிய பதில் ஒன்றும் இல்லை, அம்மா படித்துப் பார்த்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

சரி என்று ஒரு வார்த்தை. சொல்லிவிடலாம்தான். யாழ்மொழி ஈரோட்டுப் பெண், இருபத்தாறு வயசு, பெங்களூரில் வேலை. அவளும் அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேரும், ஒருவரையொருவர் நேரில் பார்க்காத பிள்ளைகள், இரண்டு வருஷமாக ‘நீலக் கழுதை’யைத் தேடித் தேடி ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியாமல் போன கார்ட்டூன் படம் அது. உப்பளத்திலிருந்து ஓடிப்போகிற ஒரு கழுதையின் கதை. சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் ஏழு வருஷம் வரைந்தும் முக்கால்வாசிதான் தேறியது. ஒரு துண்டு பழைய வீடியோ கேசட்டில் கிடைத்ததாம், ஒரு துண்டு யாரோ ஒருவருடைய பரணில் பிலிம் டப்பாவில், வரையாமல் விட்ட இடங்களைப் பென்சில் கோட்டிலேயே விட்டுவிடப் போகிறார்களாம். அவர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு: டைரக்டர் அருமைநாயகம் கைப்பட எழுதிவைத்த பெயர்ப் பட்டியல் ஒன்று அகப்பட்டது, அதில் ஒரு எழுத்தைக்கூடக் கூட்ட மாட்டார்கள், குறைக்க மாட்டார்கள். சாமி புஸ்தகம் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ‘வண்ணக் கலவை: கோமளவல்லி’ என்று இருக்கிறது. அந்த வரியின் போட்டோவை யாழ்மொழி அனுப்பிய அன்றைக்குக் கோமளவல்லி அதை எத்தனை தடவை பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள் என்று யாருக்கும் தெரியாது. மருமகளுக்குக்கூடக் காட்டவில்லை. கூச்சமாக இருந்தது. சந்தோஷத்துக்கு எதற்குக் கூச்சம் என்று தெரியவில்லை. பட்டியல் தவிர, படம் முடிந்த பிறகு பிள்ளைகள் தங்கள் பங்குக்கு ஒரு குறிப்பு போடுகிறார்கள், எதை எங்கே எடுத்தோம், எதைச் சரிசெய்தோம் என்று. அதில் ஒரு பத்திதான் காலையில் வந்தது. ‘மழைக் காட்சியில் கழுதையின் நீலம் மாறி மாறித் தெரிந்தது, அப்போதைய கேமராமேன் தேவசகாயத்தின் தவறால். அதைச் சரிசெய்திருக்கிறோம்.’ அதற்குக் கீழே யாழ்மொழி தனியாக எழுதியிருந்தாள்: தேவசகாயம் ஐயாவை மார்த்தாண்டத்தில் போய்ப் பார்த்தோம் அம்மா, மகள் வீட்டில் இருக்கிறார், எழுபத்தெட்டு வயசு, அவரே ஒத்துக்கொண்டார், பேச வேண்டுமென்றால் இது அவர் நம்பர். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துபோயிற்று.

அவரே ஒத்துக்கொண்டார். எதற்கு ஒத்துக்கொண்டார்? அதுதான் காலையிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அவர் தப்பு செய்யவில்லை. அது அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம், பாவம், நாம்தான் ஒளியைக் கூட்டிக் குறைத்துவிட்டோம் என்று இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்திருக்கலாம் என்று கோமளவல்லி நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்தால் கொஞ்சம் வசதியாக இருந்தது. ஆனால் நிற்கவில்லை, நழுவியது. குமரகுரு பக்கத்து ஆளிடம் தன் மனைவி சினிமாவில் இருந்தவள் என்று ஆரம்பித்திருந்தார். நடிப்பா என்றார் அந்த ஆள். இல்லை இல்லை, பெயிண்ட் என்றார் குமரகுரு, வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை, கழுதைக்கு அடிக்கிறது. அந்த ஆள் சிரித்தார். முப்பத்தைந்து வருஷமாக அவர் சொல்லிவரும் ஜோக், அவளுக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. அடிக்கிறது இல்லை, கலக்கிறது. அடிக்கிறதுக்கு எட்டுப் பெண்கள் இருந்தார்கள், கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயிண்ட். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு தகடு. கழுதைக்கு ஒரு தகடு, அதற்கு மேலே மழைக்கு ஒரு தகடு, அதற்கும் மேலே குடைக்காரிக்கு ஒரு தகடு என்று அடுக்கிவைத்து மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார் தேவசகாயம். அந்தத் தகடு பார்க்கத்தான் கண்ணாடி. உண்மையில் லேசான மஞ்சள். ஒரு தகட்டுக்குக் கீழே போனாலே நிறம் ஒரு பிடி மங்கிவிடும், இரண்டுக்குக் கீழே போனால் இரண்டு பிடி. அதனால் ஒரே கழுதைக்கு இரண்டு டப்பா நீலம் கலக்க வேண்டும். மேலே கிடக்கிற கழுதைக்கு நீலம் ஒன்று, மழைக்குக் கீழே கிடக்கிற கழுதைக்கு வெள்ளை கொஞ்சம் கூட்டி நீலம் இரண்டு. டப்பாவில் பார்த்தால் இரண்டும் வேறுவேறு, திரையில் பார்த்தால் ஒன்று. இதுதான் அவளுடைய வேலை. உலகத்தில் வேறு யாருக்கும் உபயோகப்படாத ஒரு கெட்டிக்காரத்தனம். அதில் அவளை அடிக்க ஆளில்லை என்று டைரக்டர் அருமை சாரே சொல்லியிருக்கிறார், அதுவும் அவர் யாரையும் புகழாத மனுஷர், நாலு மாசம் வரைந்த காதையெல்லாம் ஒரே நாளில் தூக்கிப் போட்டுக் கழுதைக்கு வேறு காது வைக்கச் சொன்ன மனுஷர்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை. அதற்கு வந்துதானே ஆக வேண்டும், சுற்றிச் சுற்றி மனசு அங்கேதான் போகிறது, பழகின மாடு மாதிரி. மழைக் காட்சியில் கழுதைக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம் தகடு. நீலம் ஒன்று தயார். நீலம் இரண்டைக் கலக்கித் துளி தடவிக் காயவைத்துப் பார்க்க வேண்டும், ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். அன்றைக்கு ஐந்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர் பஸ் டிப்போ மெக்கானிக், நல்ல குடும்பம், இருபத்தேழு வயசு ஆகிவிட்டது, இதையும் விட்டால் அப்பா படுத்துவிடுவார். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா மொபெட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் நீலம் ஒன்று டப்பாவை எடுத்து எட்டுப் பெண்களுக்கும் நடுவில் வைத்தாள். எல்லாத்துக்கும் இதையே போடுங்கடி என்று சொன்னாள். ஏன் சொன்னாள்? மறந்துபோய்ச் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னாள். ஒருநாள்தானே, மழையில்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்ததுகூட நன்றாக ஞாபகமிருக்கிறது. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பூ வைத்து, புடவை கட்டி உட்கார்ந்தாள். ஐந்துக்கு வருகிறேன் என்றவர்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். வழியில் ஏதோ ஒரு பஸ் நின்றுபோய்விட்டதாம், மாப்பிள்ளைப் பையன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தானாம். கையெல்லாம் கிரீஸ். எல்லாரும் சிரித்தார்கள், அவளுக்கும் பிடித்துப்போயிற்று. தாராளமாக நீலம் இரண்டைக் கலக்கிக் காயவைத்துவிட்டே வந்திருக்கலாம். இதை இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. சொன்னால் இவர் தன் மேலே ஏதோ பாரம் ஏறிவிட்டது போல எடுத்துக்கொள்வார், அப்படிப்பட்ட ஆள்.

நர்ஸ் வந்து இமையைப் பிரித்து இன்னொரு சொட்டு விட்டாள். ஒரு கணம் வெளிச்சம், வெள்ளைச் சட்டை, பிறகு மறுபடியும் செங்கல்பொடி. இன்னும் இருபது நிமிஷம் என்றாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த மாசம், ஒரு சனிக்கிழமை, சின்னத் தியேட்டரில் படத்துக்குப் பணம் போட்ட முதலாளிக்குப் போட்டுக் காட்டினார்கள். திருப்பூர்க்காரர், பனியன் வியாபாரம், படம் என்றால் உயிர். கழுதை நடந்து வருகிறது, அழகாக வருகிறது, மழை பிடிக்கிறது, பிடித்ததும் கழுதை மங்குகிறது, மழை லேசானால் பளிச்சென்று ஆகிறது, வலுத்தால் மறுபடி மங்குகிறது. லோ வோல்டேஜில் பல்பு எரிகிற மாதிரி. கழுதைக்குக் குளிர்ஜுரமா என்று கேட்டார் முதலாளி. கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அருமை சார் முகம் செத்துப்போயிற்று. பின்வரிசையில் கோமளவல்லி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மங்கலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும் சார் நேராகத் தேவசகாயத்திடம் போனார். ஒளியைக் கவனித்தாயா, லென்ஸில் என்ன வைத்தாய், குடித்துவிட்டுப் பிடித்தாயா. அந்த மனுஷர் டீக்குமேல் எதுவும் குடித்தறியாதவர். அவர் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வந்து தகடுகளை நானே பார்க்கிறேன், தப்பு எங்கே என்று தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு சார் போனார். ஞாயிறு முழுக்கக் கோமளவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணக் கவலை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் அவள் மாடி ஏறியபோது கொல்லைப்பக்கக் கொடியில் மழைக் காட்சித் தகடுகள் எல்லாம் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன, கழுவித் துடைத்து, ஒரு கோடு இல்லாமல். தகடு விலை ஜாஸ்தி, படம் பிடித்து சார் சரி சொன்னதும் வெந்நீரில் கழுவி மறுபடி எடுத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். ஆனால் சார் சரி சொல்லவில்லையே. நான்தான் ஞாயித்துக்கிழமை வந்து கழுவினேன், சரியாயிட்டுன்னு நெனச்சேன் என்றார் தேவசகாயம். தன் தப்பை மறைக்கக் கழுவிவிட்டான் என்று சார் கத்தினார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். மத்தியானத்துக்குள் அவர் கணக்கு முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவளைத் தாண்டும்போது வாறேன் கோமளா என்று ஒரு வார்த்தை. கைப்பிடியில் வைத்திருந்த அவர் விரலில், நகக்கண் ஒவ்வொன்றிலும் நீலம்.

கேமராமேன் கையில் பெயிண்ட் எங்கேயிருந்து வரும். கழுவினதில் வந்திருக்கும் என்று அன்றைக்கே தெரியும், அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. இல்லை, யோசிக்கவில்லை என்பது பொய். யோசனை வரும்போதெல்லாம் வேறு வேலையை எடுத்துக்கொண்டாள். கல்யாணம் வந்தது, பிள்ளை வந்தது, அருமை சாருக்குக் கிட்னி போயிற்று, படம் நின்றது, சார் போனார். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் பென்சிலில் எழுதியிருக்கும், எத்தனையாவது படம், எந்த அடுக்கு, எந்த டப்பா. இருநூற்றுச் சொச்சம் தகட்டிலும் நீலம் ஒன்று, நீலம் ஒன்று, நீலம் ஒன்று. சார் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் யார் தப்பு என்று தெரிந்திருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தன் கையால் எடுத்து அடுக்கினவர் தேவசகாயம். அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? தெரியும். ஞாயிற்றுக்கிழமையே தெரியும். தன் தப்பை மறைக்க அவர் கழுவவில்லை. கோமளவல்லியின் கண்ணுக்குள் நிறம் சிவப்பாக ஏறியது. இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை என்பதுதான் அவமானமாக இருந்தது. அப்புறம் பயம் வந்தது, சின்னப் பயம், வயசுக்குப் பொருந்தாத பயம். இதைச் சொன்னால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், அம்மா அம்மா என்று கூப்பிடுகிற அந்த யாழ்மொழி என்ன நினைப்பாள். பேர் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்த ஒரே ஒரு இடம், அதிலும் இப்படி. சொல்லாவிட்டால் என்ன? அவரே ஒத்துக்கொண்டுவிட்டார், அவருக்கே இல்லாத கவலை உனக்கு எதற்கு. கழுதையையும் சரிசெய்துவிட்டார்கள், இனி மங்காது, யார் பார்த்தால் என்ன. சரி என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்தப் பத்தி இனிமேல் படம் இருக்கிறவரைக்கும் இருக்கும், அவருடைய பேரனும் பார்ப்பான், பேரனுடைய பிள்ளையும் பார்க்கும், தேவசகாயத்தின் தவறால் என்று. இது அவளுக்குப் பொறுக்கவில்லை. அழுகை வந்தது, மூடிய கண்ணில் மருந்தோடு கலந்து வழிந்தது. எரியுதா என்று கேட்டார் குமரகுரு.

இல்லைங்க, ஒரு போன் போடணும், என்னால பாத்துப் போட முடியாது, நீங்க போட்டுக் குடுங்க என்றாள். பையைத் திறந்து போனை எடுத்து, அவள் சொன்னபடி காலையில் வந்த செய்தியில் இருந்த நம்பரை அவரே தேடி அழுத்தி அவள் காதில் வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. மணி ரொம்ப நேரம் அடித்தது. ஒரு பெண் குரல் எடுத்து, அப்பா என்று கூப்பிட்டது, செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம் கேட்டது.

“அண்ணே, கோமளா பேசறேன். பெயிண்ட் கோமளா.”

“பிள்ளே, நல்லா இருக்கியா? கல்யாணமெல்லாம் நல்லபடியா ஆச்சுதா?” என்றார் தேவசகாயம், ஏதோ போன மாசம் பிரிந்துபோன மாதிரி.

ஆச்சுண்ணே, பக்கத்துலதான் இருக்காரு என்றாள். அதற்குமேல் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. “ரெண்டு டப்பா கலக்க வேண்டியது. நான் ஒண்ணுதான் கலக்கினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்.” பக்கத்தில் குமரகுருவின் பேச்சு நின்றது.

“அது எனக்குத் தெரியாதா. தகட்டுல எழுதியில்லா இருந்துது,” என்றார் அவர். கல்யாணம் பேசி வைத்திருந்த பிள்ளை அவள், சார் அன்றைக்கு இருந்த இருப்புக்கு எல்லார் முன்னாலும் வைத்து ஏதாவது கேட்டிருப்பார், அந்தப் பேச்சு சம்பந்தி வீடு வரைக்கும் போயிருக்கும். தனக்குக் கேமராதானே, எங்கே போனாலும் படம் பிடிக்கலாம் என்று இருந்தது, ஊருக்கு வந்து ஸ்டூடியோ போட்டு ஆயிரக்கணக்கில் கல்யாணம் பிடித்தாயிற்று என்று சாவகாசமாகச் சொன்னார். அதில் தியாகம் செய்த தோரணை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன், உங்கள் பேரை இப்படிப் போட விடமாட்டேன் என்றாள்.

“எடுக்காத பிள்ளே,” என்றார் உடனே. குரலில் முதல்தடவையாக ஒரு அவசரம். “சாருக்க பட்டியல்ல நான் கெடையாது. நான் போன பொறவு வந்தவனுக்க பேருதான் எழுதியிருக்கு. அந்தப் படத்துல எனக்க பேரு வாறது இந்த ஒரு எடத்துலதான். தப்புன்னு வந்தாலும் வந்துட்டுப் போகட்டு. எனக்க பேத்தி அதப் பாப்பா.”

போன் பேசி முடிந்தது. ஃபேன் சத்தம் கேட்டது, தூரத்தில் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனில் பேசியதெல்லாம் காதில் விழுந்திருந்த குமரகுரு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்க பாக்க வந்த அந்த வெள்ளிக்கிழமையா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் பிடியை விடவில்லை. ஏழு வருஷம் எத்தனையோ நீலம் கலக்கியிருக்கிறாள், எவ்வளவு விட்டால் எது மங்கும், எது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் பேர் போகக் கூடாது, தப்பும் அவர்மேல் நிற்கக் கூடாது. பட்டியலில்தானே கைவைக்க மாட்டார்கள், குறிப்பு பிள்ளைகளுடையதுதானே. வாய்ஸ் மெசேஜ் போடுகிற பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கோங்க என்றாள். குமரகுரு அமுக்கி அவள் வாய்க்கிட்டே பிடித்தார். வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது. இருக்கட்டும், கேட்கட்டும்.

“யாழ்மொழி, அந்தப் பத்தி சரியில்லம்மா. நான் சொல்றத அப்படியே எழுதிக்கோ. மழைக் காட்சியைப் படம் பிடித்தவர் தேவசகாயம். இத முதல்ல போடு, தனி வரியா, பெரிய எழுத்துல. அடுத்த வரி. நீலம் மாறித் தெரிந்தது, அவசரத்தில் ஒரே டப்பாவைக் கொடுத்த கோமளவல்லியின் தவறு. இதுல ஒரு எழுத்தக்கூட மாத்தாத.”

அனுப்பிடட்டுமா என்று கேட்டார் குமரகுரு. அனுப்புங்க என்றாள்.